கல்லீரல் புற்றுநோய்: மருத்துவர் எழுத வேண்டிய அந்த ஒரு வரி

கல்லீரலில் கட்டி. அது அங்கேயே தோன்றியதா, வேறு உறுப்பிலிருந்து பரவியதா? சிகிச்சையின் திசையையே மாற்றும் இந்தக் கேள்விக்கு மருத்துவக் குறிப்பில் பதில் இல்லையென்றால், மெடிக்கல் கோடிங் செய்பவர் திகைத்துப்போகிறார். அமெரிக்க நோயாளிகளின் குறிப்புகளைப் படித்து நோய்க்கான கோடு (குறியீடு) போடும் வேலையில் சென்னை, கோவை, திருச்சி இளைஞர்கள் ஏராளமாக இருப்பதால், இது நம் வீட்டுப் பிள்ளைகளின் பொறுப்பும்கூட.

அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலில், கல்லீரலிலேயே தோன்றும் புற்றுக்கு சி22 வரிசை. கல்லீரல் செல்களில் தோன்றும் ஹெப்படோசெல்லுலார் கார்சினோமாவுக்கு சி22.0. கல்லீரலுக்குள் இருக்கும் பித்தநாளப் புற்றுக்கு சி22.1. பெரும்பாலும் சிறு குழந்தைகளுக்கு வரும் ஹெப்படோபிளாஸ்டோமாவுக்கு சி22.2. பெருங்குடலிலிருந்தோ மார்பகத்திலிருந்தோ பரவி வந்ததென்றால் சி78.7, தொடங்கிய உறுப்புக்குத் தனிக் கோடு. எங்கே தொடங்கியது என்றே எழுதாவிட்டால் மிஞ்சுவது சி22.9. நோயின் பிறப்பிடம் பற்றி அது எதுவும் சொல்லாது.

காரணத்தையும் எழுத வேண்டும். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி இருந்தால் பி18.1, ஹெபடைடிஸ் சி இருந்தால் பி18.2 கூடுதலாகச் சேரும். குடிப்பழக்கத்துக்கும் தனிக் கோடு உண்டு.

இந்த நோயில் இன்னொரு நுட்பம். சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறல்) உள்ளவருக்கு, பயாப்ஸி இல்லாமலே சிடி, எம்ஆர்ஐ ஸ்கேனின் குறிப்பிட்ட அடையாளங்களை வைத்து மருத்துவர் புற்றை உறுதிசெய்ய முடியும். ஆனால் அந்த அடையாளங்களைப் பார்த்துக் கோடர் தாமே நோயை முடிவுசெய்யக் கூடாது. புறநோயாளி குறிப்பில் 'சந்தேகம்', 'இருக்கலாம்' என்று மட்டும் இருந்தால் புற்றுக்கான கோடே போடக் கூடாது. ரத்தத்தில் ஏஎஃப்பி (ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன்) அளவு கூடியிருப்பது போன்ற உறுதியான கண்டுபிடிப்புக்கே கோடு.

'முன்பு புற்று இருந்தது' என்ற சொல்லிலும் கவனம் தேவை. கட்டி அகற்றப்பட்டு, சிகிச்சை முடிந்து, நோயின் அறிகுறி இல்லாதபோதுதான் இசட்85.05. சிகிச்சை தொடரும்வரை சி22 வரிசையே நீடிக்கும்.

தவறான கோடு காப்பீட்டுத் தொகையோடு நிற்பதில்லை. நோயாளியின் அடுத்த மருத்துவரையும் அது தவறாக வழிநடத்தும். எனவே மருத்துவர்களே, தோன்றிய இடம், வகை, காரணம், இன்றைய நிலை நான்கையும் தெளிவாக எழுதுங்கள். கோடர்களே, ஐயம் இருந்தால் ஊகிக்காதீர்கள். விளக்கம் கேட்டு மருத்துவருக்குத் தயங்காமல் கொயரி அனுப்புங்கள்.