ரத்தத்தில் எபோலா இல்லை... ஆனாலும் டெல்லி ஏர்போர்ட்டில் ஏன் நிறுத்தினார்கள்?

2014 நவம்பர் 10. லைபீரியாவில் இருந்து டெல்லி வந்திறங்கிய 26 வயது இந்தியர் ஒருவரின் கையில், எபோலாவில் இருந்து குணமடைந்ததற்கான சான்றிதழ் இருந்தது. காய்ச்சல் இல்லை. ரத்தப் பரிசோதனையும் 'நெகட்டிவ்'. ஆனால், விந்து மாதிரியில் வைரஸ் சிக்கியது. விமான நிலைய மருத்துவ மையத்திலேயே தனிமைப்படுத்தினார்கள்.

குணமான பிறகு எப்படி? விந்தகம், கண், நரம்பு மண்டலம் ஆகிய இடங்களில் நோய் எதிர்ப்பாற்றலின் கை அவ்வளவாக எட்டாது. வைரஸ் அங்கே மாதக்கணக்கில் பதுங்கியிருக்கும். உடலுறவு மூலம் பரவவும் வாய்ப்புண்டு.

வைரஸ் உடலுக்குள் நுழைந்து 2 முதல் 21 நாட்களுக்குள் அறிகுறி தெரியும். திடீர் காய்ச்சல், அசதி, தசைவலி, தொண்டைவலி. பார்த்தால் மலேரியா, டைஃபாய்டு மாதிரியே இருக்கும், குழப்பமே இங்குதான். அடுத்து வாந்தி, வயிற்றுப்போக்கு. சினிமாவில் வருகிற மாதிரி எல்லோருக்கும் ரத்தம் கொட்டாது. நீரிழப்பு, ரத்த அழுத்தச் சரிவு, உறுப்புகள் செயலிழப்பது... இவைதான் பெரும்பாலும் உயிரைப் பறிக்கின்றன. சராசரியாகப் பாதிப் பேர் இறக்கிறார்கள். 2014-16 மேற்கு ஆப்பிரிக்கப் பரவலில் மட்டும் 11,000 பேருக்கு மேல் பலி.

காற்றில் பரவும் கொரோனா போல அல்ல இது. அறிகுறி வந்தவரின் ரத்தம், வாந்தி போன்ற உடல் திரவங்கள் பட்டால்தான் தொற்றும். இறந்தவரின் உடலில் இருந்தும் பரவும்.

சரி, தூத்துக்குடிக்கு இதில் என்ன வேலை? ஆப்பிரிக்க முந்திரிக் கொட்டை வந்திறங்கும் துறைமுகம் இது. வெளிநாட்டுக் கப்பல் கரை சேரும் முன், கப்பலில் யாருக்காவது காய்ச்சலா, யாராவது இறந்தார்களா என்று கேப்டன் எழுதிக் கொடுக்க வேண்டும். துறைமுக சுகாதார அலுவலகத்தின் அனுமதி கிடைக்கும்வரை மஞ்சள் கொடிதான். மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்து சரக்குக் கப்பல் வந்துசேர வாரக்கணக்கில் ஆகும். தொற்று இருந்தால் பெரும்பாலும் நடுக்கடலிலேயே தெரிந்துவிடும். விமானத்தில் அந்த அவகாசம் கிடையாது. காண்ட்ராக்ட் முடிந்த கப்பல் ஊழியர்கள் ஊர் திரும்புவதோ ஃப்ளைட்டில்தான்!

2019-ல் அமெரிக்கா அனுமதித்த 'எர்வெபோ' தடுப்பூசியும், 2020-ல் வந்த 2 ஆன்டிபாடி மருந்துகளும் 'ஸயர்' வகை எபோலாவுக்கு மட்டுமே. மற்ற வகைகளுக்கு நீரேற்றுவது உள்ளிட்ட ஆதரவு சிகிச்சைதான் கைகொடுக்கிறது.

பரவல் உள்ள நாட்டில் இருந்து வந்த 21 நாட்களுக்குள் காய்ச்சலா? நேரே கிளினிக் வரிசையில் போய் உட்கார வேண்டாம். முதலில் 104-க்கு போன் செய்து, எந்த ஊரில் இருந்து வந்தீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள்.