வில்லை நீட்டுவதா, பட்டை சேர்ப்பதா?

பஞ்சகவ்யமும் பலதானிய விதைப்பும் வருகிற பத்திரிகையில் வண்டி ஸ்பிரிங்குக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நாலு மாசம் பாடுபட்டு, ஒரு சொட்டு விஷம் தெளிக்காமல் எடுத்த தக்காளி, தோட்டத்திலிருந்து தார்ரோட்டுக்கு வருகிற மூணு கிலோமீட்டரில் கசங்கிப்போகுது. உழவர் சந்தையில் கசங்கின பழத்துக்கு இயற்கை விலையும் கிடையாது, ரசாயன விலையும் கிடையாது. அதனால்தான் எழுதுகிறேன்.

திருமயம் பக்கம் எங்கள் குழுவில் ஆறு குடும்பம். எல்லாருக்கும் சேர்த்து ஒரே வண்டி, நாலு சக்கரமும் இழுக்கிற பழைய பிக்கப். பாதை பாதி தூரம் செம்புறாங்கல், மீதி கண்மாய்க் கரை. நடுவில் ஒரு ஓடை. பாரம் ஏற்றினால் பின்பக்கம் தட்டுகிறது, காலியாக வந்தால் கூடைகள் குதிக்கின்றன. பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, "சார், ரெண்டு பட்டை சேத்துக் கட்டிடலாம், அசையாது" என்றார். நம் பக்கம் முக்கால்வாசி வண்டிகளில் நடப்பது இதுதான். தட்டுவது நிற்கும். ஆனால் வண்டி கட்டாந்தரை மாதிரி ஆகிவிடும். பாரம் சுமக்கலாம், பழம் சுமக்க முடியாது.

நம் தாத்தாக்கள் இதற்கு வைத்த பெயரிலேயே விஷயம் இருக்கு. கட்டைவண்டி வேறு, வில்வண்டி வேறு. அச்சுக்கும் கூட்டுக்கும் நடுவில் வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கி வைத்ததால்தான் அது வில்வண்டி. லண்டனில் ஒபதியா எலியட் என்பவர் 1804-இல் குதிரை வண்டிக்குக் காப்புரிமை வாங்கியதும் இந்த வகை வில்லுக்குத்தான். இன்றைய பிக்கப்பின் பின்பக்கம் இருப்பதும் அதே வில்தான். வில் நீளமாக இருந்தால் எளிதில் வளையும், குட்டையாக இருந்தால் முரண்டு பிடிக்கும்.

எவ்வளவு வளையும்? இங்கேதான் வங்கியில் முப்பது வருசம் போட்ட கூட்டு வட்டி உதவுது. கனமும் அகலமும் மாறாமல் பட்டையின் நீளத்தை மட்டும் 10 சதவீதம் கூட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே பாரத்துக்கு உலோகத்தில் ஏறும் இழுவிசை ஒரு வருச வட்டி மாதிரி, 100-க்கு 110. ஒடியாமல் வளையக்கூடிய தூரம் இரண்டு வருசக் கூட்டு வட்டி, 121. அதே பாரத்துக்கு இறங்கும் ஆழம் மூணு வருசக் கூட்டு வட்டி, 133. அதாவது விறைப்பு கிட்டத்தட்ட முக்கால்பங்காகக் குறைகிறது. பட்டை சேர்ப்பதில் இந்தப் பெருக்கம் கிடையாது. ஆறு பட்டை ஏழானால் விறைப்பு ஆறில் ஒரு பங்கு கூடும், அவ்வளவுதான்.

இரண்டையும் சேர்த்துச் செய்ததுதான் எங்கள் கணக்கு. கண்ணுக்குக் கண் 120 சென்டிமீட்டர் இருந்த ஆறு பட்டை செட்டை எடுத்துவிட்டு, அதே அகலம், அதே கனத்தில் 132 சென்டிமீட்டர், ஏழு பட்டை. விறைப்பு பழையதைவிட சுமார் 12 சதவீதம் குறைவு. உலோகத்தின் மேல் சுமையும் பழையதைவிடக் கொஞ்சம் குறைவுதான். வளையும் தூரம் மட்டும் 21 சதவீதம் கூடுதல். ஓடையில் ஒரு சக்கரம் இறங்கும்போது மறுசக்கரம் தரையை விடாமல் இருப்பது இந்தத் தூரத்தால்தான். அமெரிக்காவில் பழைய செவ்ரோலெட் பிக்கப்களின் 52 அங்குலப் பட்டையைக் கழற்றிவிட்டு, அதே கம்பெனியின் பிற்கால வண்டியிலுள்ள 63 அங்குலப் பட்டையை மாட்டுவது காட்டுப்பாதை ஓட்டுபவர்களிடம் பிரபலமான வேலை. காரணமும் இதேதான்.

புதுப் பட்டை கம்பெனியிலிருந்தே அந்த நீளத்தில் வந்ததாக இருக்கணும். "பழசை வெட்டி வெல்டிங் வெச்சு நீட்டித் தரேன்" என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். ஸ்பிரிங் எஃகுக்குத் தன்மை வருவதே சூடாக்கி, எண்ணெயில் அமிழ்த்தி, மறுபடி அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்துவதால். கொல்லர் லாரிப் பட்டையில் அரிவாள் அடிக்கும்போது பதத்தைத் திரும்ப ஏற்றுகிறார். வெல்டிங் வைத்த இடத்தில் அந்தப் பதம் போய்விடும். பாரத்தோடு கரை இறங்கும்போது ஒடிந்தால் அச்சு ஒருபக்கமாகத் திரும்பிவிடும். பின்னால் நம் பிள்ளைகள்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

மாட்டும் வேலையில் கவனிக்க வேண்டியது அச்சு இருக்கும் இடம். 12 சென்டிமீட்டர் கூடுகிறதென்றால் முன் பிராக்கெட் 6 முன்னே, பின் ஷேக்கிள் 6 பின்னே போகணும். அச்சு நகர்ந்தால் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் இழுபடும், இல்லை முட்டும். சேஸிஸில் துளை போடும்போது நடுப்பட்டையில் போடுங்கள், மேல் கீழ் மடிப்புகளில் கூடாது. வலுவெல்லாம் அந்த மடிப்பில்தான் இருக்கு. ஷேக்கிள் ஆடுவதற்கு இடம் வேணும், ஏனென்றால் பாரத்தில் பட்டை நிமிரும்போது அதன் நீளம் வெளியே வரும்.

பலர் மறப்பது பிரேக் ஹோஸை. அச்சு முன்பைவிட அதிகம் இறங்கும், ஹோஸ் பழைய நீளத்திலேயே இருக்கும். ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி, மறுபக்கம் முழுசாகத் தொங்கவிட்டு, ஹோஸ் இழுத்துப் பிடிக்கிறதா என்று கீழே குனிந்து பார்க்கணும். ஷாக் அப்சார்பரும் அப்படியே. பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உள்ள வண்டியானால் அதன் கம்பியையும் திரும்ப அளவு வைக்கணும்.

இதில் இழப்பும் உண்டு. வைக்கோல் உயரமாக ஏற்றி வளைவில் திரும்பினால் வண்டி முன்பைவிடச் சாயும். முதல் கியரில் வேகமாக எடுத்தால் நீளப் பட்டை முறுக்கிக்கொண்டு அதிரும். தார்ரோட்டிலேயே ஓடும் வண்டிக்கு இந்த வேலை தேவையே இல்லை என்பது என் கருத்து.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. போக்குவரத்து அலுவலகத்துக்கும் காப்பீட்டுக்காரருக்கும் முதலில் எழுத்தில் கேட்டு, பதில் கைக்கு வந்த பிறகுதான் வண்டியைப் பட்டறைக்கு விட்டோம். வாயால் சொல்வது விபத்து அன்றைக்கு உதவாது.

இவ்வளவுக்கும் முன்னால் செலவில்லாத ஒன்றைச் செய்து பாருங்கள். பழைய செட்டைப் பிரித்துத் துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவி, தேய்ந்த புஷ்ஷை மாற்றிக் கட்டுங்கள். பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால்தான் வில். துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் ஆறும் ஒரே கட்டை. எங்கள் பக்கத்துத் தோட்டக்காரருக்கு இதிலேயே குறை தீர்ந்தது, அவர் பட்டை வாங்கவே இல்லை.

புதுசு மாட்டியவர்கள் முதல் சில நடை பாரம் அடித்ததும் யூ போல்ட்டுகளை மறுபடி முறுக்கணும். பட்டைகள் படிந்து உட்காரும்போது அது கட்டாயம் தளரும்.