குற்றாலத்தில் ஒரு நைட் தங்கப் போறீங்களா? நள்ளிரவுக் குளியல் முதல் திடீர் வெள்ளம் வரை... தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

குற்றாலத்தில் சாரல் அடிக்க ஆரம்பித்துவிட்டால் போதும், தென்காசி பக்கம் வண்டிகள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். காலையில் வந்து குளித்துவிட்டு மாலையில் ஊர் திரும்புபவர்கள் ஒரு பக்கம். 'வந்ததுதான் வந்தோம், ஒரு நைட் தங்கி ஆசை தீரக் குளிச்சிட்டுப் போவோம்' என்று ரூம் போடுபவர்கள் இன்னொரு பக்கம்.

பகலில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று ஐந்து நிமிடம் குளித்த அருவியில், நள்ளிரவில் கூட்டமில்லாமல் நிற்கலாம் என்பதுதான் இரவு தங்குபவர்களின் பெரிய ஆசை. ஆனால், மலைக்காட்டில் பெய்யும் மழை கண்ணுக்குத் தெரியாத நேரமும் அதே இரவுதான். இரவு தங்குவதில் என்ன சுகம், என்ன சிரமம், எங்கே ஆபத்து? விரிவாகப் பார்க்கலாம்.

எப்போ போனா தண்ணீர் இருக்கும்?

குற்றாலம் இருப்பது தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில். கடல் மட்டத்திலிருந்து சுமார் 160 மீட்டர் உயரம்தான். ஊட்டி, கொடைக்கானல் போல இது மலைமேல் இருக்கும் ஊர் கிடையாது. அப்புறம் எப்படி இந்தக் குளிர்ச்சி?

காரணம், செங்கோட்டை - ஆரியங்காவு கணவாய். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டும்போது, மலைத்தொடரில் இருக்கும் இந்த இடைவெளி வழியாக ஈரக்காற்றும் மேகமும் இந்தப் பக்கம் நுழைகின்றன. அதுதான் சாரலாக விழுகிறது. தமிழகத்தின் மற்ற பகுதிகள் வெயிலில் காயும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் குற்றாலத்தில் சீசன் களைகட்டுவது இதனால்தான்.

இரண்டாவது கூட்டம் வருவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். நவம்பர் முதல் ஜனவரி வரை சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் குற்றாலத்தில் குளித்துவிட்டுச் செல்வது வழக்கம். இந்த மாதங்களில் வருவது மென்மையான சாரல் இல்லை, கனமழை. அருவிகளில் வெள்ளப்பெருக்கு ஏற்பட்டு, குளிக்கத் தடை போடுவதும் இந்த மாதங்களில் அடிக்கடி நடக்கும்.

எங்கே தங்கலாம்?

பேரருவியைச் சுற்றியும், ஐந்தருவி போகும் சாலையிலும், தென்காசி சாலையிலும் தனியார் லாட்ஜ்களும் காட்டேஜ்களும் ஏராளம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு இருக்கிறது. பேரூராட்சியின் தங்கும் விடுதிகளும் உண்டு.

சீசன் சனி, ஞாயிறுகளில் முன்பதிவு இல்லாமல் போய் இறங்கினால், இரவு 10 மணிக்குக் குடும்பத்தோடு ரூம் தேடி அலைய வேண்டியிருக்கும். சீசன் இல்லாத நாளில் ஒரு வாடகை, சீசன் வார இறுதியில் வேறொரு வாடகை. அதனால் போனில் பேசும்போதே இந்த மூன்றையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது:

• வாடகை ஒரு நாளுக்கா, சில மணி நேரத்துக்கா? ரூமைக் காலி செய்ய வேண்டிய நேரம் என்ன?

• வண்டி நிறுத்த இடம் உண்டா?

• நள்ளிரவில் குளித்துவிட்டு வந்தால் கதவு திறப்பார்களா?

வார நாட்களில் கூட்டம் குறைவு. தென்காசியிலேயே ரூம் போடுவதும் ஒரு வழி. அங்கிருந்து குற்றாலம் சுமார் 5 கி.மீ. தூரம்தான், பஸ்ஸும் ஆட்டோவும் கிடைக்கும். சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் வருபவர்கள் தென்காசியில்தான் இறங்க வேண்டும்.

இங்கே இன்னொரு விஷயம். 'ரிசார்ட்டுக்கு உள்ளேயே தனி அருவி' என்ற விளம்பரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். இயற்கை அருவித் தண்ணீரின் பாதையை மாற்றி, தனியார் ரிசார்ட்களில் செயற்கை அருவி அமைத்த விவகாரம் 2022-ம் ஆண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. அப்படி அமைத்தவர்கள் மீது நடவடிக்கை எடுக்க நீதிமன்றம் உத்தரவிட்டது.

நள்ளிரவில் அருவிக்கரை எப்படி இருக்கும்?

இரவு 9, 10 மணி வரைகூட சீசன் நாட்களில் கூட்டம் குறையாது. சாப்பாட்டுக் கடைகள், ரம்புட்டான், மங்குஸ்தான் விற்கும் பழக்கடைகள், சிப்ஸ் கடைகள் எல்லாம் விளக்கொளியில் ஜொலிக்கும். பக்கத்தில் பிரானூர் பார்டர் வரை போய் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட்டுவிட்டுக் குளிக்க வருவதை ஒரு சடங்காகவே வைத்திருப்பவர்கள் உண்டு.

நள்ளிரவு தாண்டிய பிறகுதான் வரிசை கரையத் தொடங்கும். விடியற்காலை 3, 4 மணிக்கு பேரருவியில் நிற்பவர்களுக்கு, பகலில் கிடைக்காத நிதானம் கிடைக்கும். வெளிச்சத்துக்கு விளக்கும், காவலுக்கு போலீசாரும் இருப்பதால், குடும்பத்தோடு வருபவர்களும் இந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பேரருவியில் பெண்களுக்குத் தனி இடம் உண்டு.

ஆனால், எல்லா அருவியும் எல்லா நேரமும் திறந்திருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி என ஒவ்வொன்றுக்கும் கட்டுப்பாடு வேறு. தண்ணீர் வரத்தைப் பொறுத்து நேரமும் மாறும். அன்றைக்கு எங்கே அனுமதி என்பதை அருவிக்கரையில் பணியில் இருக்கும் போலீசாரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புவதுதான் சரி.

மலைமேல் இருக்கும் செண்பகாதேவி அருவியும் தேனருவியும் வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ள காட்டுப் பகுதி. இரவில் அந்தப் பக்கம் ஏறுவது, கூடாரம் போட்டுத் தங்குவது எல்லாம் நினைத்துப் பார்க்கவே கூடாதவை. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். யானை நடமாட்டம் உள்ள பகுதி என்பதையும் மறக்கக் கூடாது.

வந்து போறவங்க சொல்ற சிரமங்கள் என்ன?

முதல் பிரச்சனை ஈரத்துணி. சாரல் காலத்தில் காற்றே ஈரமாக இருக்கும் என்பதால், ராத்திரி துவைத்துப் போட்ட துணி காலையிலும் சொட்டச் சொட்டத்தான் இருக்கும். மூன்று முறை குளிக்கத் திட்டமிட்டால் மூன்று செட் துணி வேண்டும். ஈரத்துணி போட ஒரு தனிப் பை, குழந்தைகளுக்கு ஸ்வெட்டர், குல்லா அவசியம்.

இரண்டாவது, குரங்குகள். கையில் இருக்கும் பழப் பை மட்டுமல்ல, ரூம் ஜன்னல் திறந்திருந்தால் உள்ளே இருக்கும் தின்பண்டமும் காலி. வெளியே கிளம்பும்போது பால்கனிக் கதவைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும்.

மூன்றாவது, செல்போன், நகை, பர்ஸ். அருவிக்குள் இவற்றைக் கொண்டுபோனால் தண்ணீர் அடிக்கும் வேகத்தில் செயின் அறுந்து விழுவதுகூடத் தெரியாது. ஒருவர் கரையில் பொருட்களோடு நிற்க, மற்றவர்கள் குளித்துவிட்டு வந்து ஆள் மாற்றிக்கொள்வதுதான் பலரும் செய்யும் வழி.

நான்காவது, எண்ணெய்க் குளியல். உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பது ஒரு காலத்தில் குற்றாலத்தின் அடையாளமாகவே இருந்தது. இப்போது அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு, சீயக்காய் பயன்படுத்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. பாறை வழுக்கும், தண்ணீரும் கெடும் என்பதே காரணம்.

மழையே இல்லை, வெள்ளம் எப்படி வரும்?

இரவு தங்குபவர்கள் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டிய பகுதி இதுதான்.

குற்றாலத்து அருவிகளுக்குத் தண்ணீர் தருவது மேலே இருக்கும் மலைக்காடு. பேரருவியாக விழும் சிற்றாறு அங்கேதான் பிறக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும், மேலே காட்டில் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தால் போதும். சரிவான பாறை என்பதால் தண்ணீர் எங்கும் தேங்காமல் சில நிமிடங்களில் கீழே வந்துவிடும்.

2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் நடந்தது அதுதான். சீசன் இன்னும் தொடங்கவில்லை, கோடை விடுமுறைக் கூட்டம். குளித்துக்கொண்டிருந்தபோதே திடீரென வெள்ளம் பாய்ந்தது. மக்கள் அலறியடித்து ஓடினார்கள். நெல்லையைச் சேர்ந்த 17 வயது மாணவர் வெள்ளத்தில் சிக்கி உயிரிழந்தார். அது நடந்தது நல்ல பகல் வெளிச்சத்தில்.

2022 டிசம்பரிலும் இதே பழைய குற்றாலத்தில் ஒரு சிறுமி தண்ணீரில் இழுத்துச் செல்லப்பட்டார். அங்கிருந்த இளைஞர் ஒருவர் பாறைகளுக்கு இடையே இறங்கி அந்தக் குழந்தையை மீட்டதால் உயிர் பிழைத்தது.

பேரருவியில் ஓர் இயற்கைப் பாதுகாப்பு இருக்கிறது. மேலிருந்து விழும் தண்ணீர், நடுவில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, வேகம் குறைந்த பிறகே கீழே வருகிறது. சாதாரண நாளில் நம் தலையில் விழும் தண்ணீரைத் தாங்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால், வரத்து அதிகமானால் அந்தத் தடுப்பும் போதாது. 'பாதுகாப்பு வளைவைத் தாண்டி தண்ணீர் கொட்டுகிறது' என்று செய்திகளில் வந்தால், அங்கே நிற்கவே முடியாது என்று அர்த்தம். உடனே குளிக்கத் தடை போடப்படும்.

எந்த அறிகுறியைப் பார்த்தால் வெளியேறணும்?

• தெளிவாக விழுந்த தண்ணீர் கலங்கி, செம்மண் நிறத்துக்கு மாறுவது

• இலை, சுள்ளி, சிறு கற்கள் தண்ணீரோடு சேர்ந்து விழுவது

• அருவிச் சத்தம் திடீரென்று கனமாவது

• ஓரமாக, மெல்லிசாக விழுந்த தண்ணீர் அகலமாவது

இதில் ஒன்றைக் கவனித்தாலும், போலீஸ் விசில் ஊதும் வரை காத்திருக்க வேண்டாம். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் மேடான இடத்துக்குப் போய்விட வேண்டும். தண்ணீர் ஓடும் திசையிலேயே ஓடக் கூடாது. செருப்பு, துணிப்பை எடுக்கத் திரும்பிப் போகவும் கூடாது.

சிக்கல் என்னவென்றால், இருட்டில் தண்ணீரின் நிறம் தெரியாது. விளக்கு வெளிச்சத்தில் கலங்கலும் நுரையும் ஒன்று போலத்தான் இருக்கும். ராத்திரியில் காதும் காலும்தான் துணை. சத்தம் மாறினாலோ, காலில் கல்லும் சுள்ளியும் தட்டினாலோ வெளியே வந்துவிட வேண்டும். விளக்கில்லாத இடத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத ஓடையில் 'சும்மா நனைஞ்சிட்டு வரலாம்' என்று இறங்கவே கூடாது.

கிளம்பும் முன்னாடி எதைப் பார்க்கணும்?

வானிலை ஆய்வு மையம் தென்காசி மாவட்டத்துக்கு என்ன எச்சரிக்கை கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை. 204.4 மி.மீ. வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. ஆரஞ்சு, ரெட் அலர்ட் இருக்கும் நாளில் அருவியில் குளிக்க அனுமதி கிடைக்காது என்று வைத்துக்கொண்டே திட்டமிடலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழை எப்படி வந்தது என்பது இந்தப் பகுதி மக்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும்.

தடை என்றால் பயணமே வீண் என்றில்லை. பேரருவிக்குப் பக்கத்திலேயே குற்றாலநாதர் கோயிலும், நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபையும் இருக்கின்றன. சுவர் முழுக்க மூலிகை வண்ண ஓவியங்கள். தென்காசி காசி விஸ்வநாதர் கோயிலும் பக்கம்தான். பெரும்பாலும் வரத்து குறைந்ததும் தடை நீக்கப்படும். சில நேரம் சில மணி நேரத்திலேயே நீங்கும், சில நேரம் நாட்கள் ஆகும். அதனால் ரூம் போடும்போது, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

இதையும் மனசுல வச்சுக்கோங்க

மது குடித்துவிட்டு அருவியில் இறங்குவது தனக்கு மட்டுமில்லை, பக்கத்தில் நிற்கும் குடும்பத்துக்கும் ஆபத்து. இதய நோய், கழுத்துவலி உள்ளவர்கள் நேரடியாகத் தண்ணீருக்கு அடியில் நிற்காமல் ஓரமாக நனைவது நல்லது. இரவெல்லாம் வண்டி ஓட்டி வந்த டிரைவர், தூங்காமல் விடிய விடியக் குளித்துவிட்டு அப்படியே ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது. ஒரு நைட் ரூம் போடுவதன் உண்மையான பயன், அவர் நிம்மதியாகத் தூங்குவதும்தான்.

அவசரம் என்றால் 112 அல்லது ஆம்புலன்சுக்கு 108. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. அருவிக்குக் கிளம்பும் முன்பே இந்த எண்களைக் குடும்பத்தில் எல்லோருடைய போனிலும் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். கரையில் பொருட்களோடு நிற்கப்போவது யாராக இருந்தாலும், அவர் கையில் சார்ஜ் உள்ள ஒரு போன் இருக்கட்டும்.