மலையடிவாரத்துக் காற்றும் மாறிவரும் தட்பவெப்பமும்

காற்று மாசு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன எண்ணூரும் தூத்துக்குடியுமே. ஆலைப் புகைபோக்கிகள் அற்ற திருவண்ணாமலையை அவ்வரிசையில் எவரும் வைப்பதில்லை. எனினும், பருவநிலை மாற்றம் காற்றின் தூய்மையை எவ்வாறு தாக்குகிறது என்பதை அறிய, 1922 முதல் ரமணாசிரமம் அமைந்துள்ள அந்தத் தென் அடிவாரமே ஏற்ற இடமாகும்.

செங்கம் சாலையும் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையும் அங்கே ஒன்றாகச் செல்கின்றன. பேருந்துப் புகை, சாலைப் புழுதி, உணவுக்கடை அடுப்புகள், எரிக்கப்படும் குப்பை ஆகியவையே அங்குள்ள மாசின் ஊற்றுகள். பௌர்ணமிதோறும் இவை பன்மடங்காகப் பெருகுகின்றன. காற்றற்ற குளிர்கால இரவுகளில் நிலம் விரைவில் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனக்கிறது. மலைச்சரிவிலிருந்து இறங்கும் குளிர்காற்றும் அதனோடு சேருகிறது. மேலே வெப்பமான காற்று மூடிபோல் நிற்பதால் கீழுள்ள புகை எழும்ப இயலாமல், மனிதர் மூச்சுவிடும் உயரத்திலேயே தங்கிவிடுகிறது.

இதுவரை கூறியது பழைய செய்தி. வெப்பமடையும் உலகம் இதனோடு சேர்ப்பது என்ன? வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வெயிலில் வினைபுரிந்து, தரைமட்டத்தில் ஓசோனை உண்டாக்குகின்றன. வானின் உயரத்தில் நம்மைக் காக்கும் அதே வாயு, கீழே நுரையீரலை அரிக்கிறது. வெப்பம் மிகுந்தால் இவ்வினையும் விரைவுபெறும். ஆகவே, வாகனங்களின் எண்ணிக்கை கூடாவிடினும் ஓசோன் கூடலாம். நாம் முயன்று குறைத்த மாசின் ஒரு பகுதியை வெப்பம் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறது என்பதே இதன் பொருள். மாசுக்கட்டுப்பாட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் மறந்துவிடும் கணக்கும் இதுவே.

அடுத்தது தீ. கோடையில் மலையின் புல் காய்ந்து எளிதில் தீப்பற்றுகிறது. 1980களின் பிற்பகுதி தொடங்கி மரம் நட்டுவரும் தன்னார்வலர்கள், தீ பரவாதிருக்கத் தடுப்புக்கோடுகளும் வெட்டி வருகின்றனர். வறண்ட நாட்கள் நீண்டால் அவர்களது பல்லாண்டு உழைப்பு ஒரே பிற்பகலில் கரியாகலாம். அப்புகையின் நுண்துகள்கள் அடிவாரக் குடியிருப்புகளில் இறங்கும்.

மழை காற்றைக் கழுவும் என்பது உண்மையே. ஆனால் காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியை ஏந்தும். அதனால் மழை சில நாட்களில் கொட்டித் தீர்த்து, இடையே புழுதி நிறைந்த நீண்ட வறட்சியை விட்டுச்செல்லும் போக்கு வலுக்கிறது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயலின் பெருமழையால் அதே மலை சரிந்து, வ.உ.சி. நகரில் 5 சிறார் உட்பட 7 பேர் மாண்டனர். ஒரு தனிப் புயலை முழுவதும் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதுதல் முறையன்று. ஆயினும் நகரில் இடமின்றிச் சரிவில் குடியேறும் ஏழைகளே, தீக்கும் புகைக்கும் மண்சரிவுக்கும் முதலில் இலக்காகின்றனர் என்பதை எவர் மறுக்க இயலும்?

இனி நிர்வாகத்தைக் காண்போம். 1981இல் காற்றுச் சட்டம் வந்தது. 2019இல் தேசிய தூய காற்றுத் திட்டம் தொடங்கிற்று. தமிழகத்தில் பின்னதன்கீழ் வந்தவை சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய பெருநகரங்களே. மேலும், நம் நாட்டில் நுண்துகளுக்கான ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்ததோ 5. திருவிழா நகரத்துக்கு ஆண்டுச் சராசரியே பொருந்தாத அளவுகோல் என்பது என் கருத்து. பன்னிரண்டு பௌர்ணமி இரவுகளின் புகை, 365 நாட்களில் பங்கிடப்பட்டுக் காணாமற்போகிறது; ஆனால் அவ்விரவில் பாதையோரம் கடை வைத்திருப்பவளின் நெஞ்சில் அது பங்கிடப்படுவதில்லை.

பரிகாரங்களுள் சில இருமுனைப் பயனுடையவை. மக்கும் குப்பை மேடுகளில் எழும் மீத்தேன் பூமியை வெப்பமாக்குவதோடு, ஓசோன் உருவாகவும் துணைபுரிகிறது. அரைகுறையாக எரியும் சருகின் கரித்துகளும் அத்தகையதே: நுரையீரலையும் கெடுக்கும், வெப்பத்தையும் ஈர்க்கும். குப்பையைத் தரம்பிரித்து உரமாக்குதல் இவ்விரண்டையும் ஒருங்கே குறைக்கும். ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் சபைகள் உள்ள அம்மாவட்டத்திலும், பிற இடங்களிலும், ஆலய வளாகச் சருகைச் சனிக்கிழமை மாலையில் கூட்டி எரிக்கும் வழக்கத்தைப் போதகர் ஒருவரே நிறுத்திவிடலாம். வேண்டுவது மூன்றடி ஆழக் குழியும், எரிக்க வேண்டாமென்று கோவில்குட்டியாருக்கு ஒரு சொல்லும்.