பதில் சொல்லுமுன்!

மாலை மயங்கும் நேரம். வயல்வேலை முடித்து வந்தவர்கள் ஒரு பக்கம். இராசபாளையத்து ஆலையில் பகல் ஷிப்டு முடித்து பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் ஒரு பக்கம். கான்சாபுரத்து டீக்கடை பெஞ்சின்மீது ஏடு கிடக்கிறது. ஏடு என்றா சொன்னோம்? தவறு! ஏட்டின் ஒரு தாள் கிடக்கிறது. மற்றத் தாள்கள் வடை மடித்துக் கொடுக்கப் போய்விட்டன. கிடக்கும் தாளில் ஒரு கட்டுரையின் தலைப்பு இருக்கிறது, தொடக்கம் இருக்கிறது, 'தொடர்ச்சி ஐந்தாம் பக்கம்' என்ற அறிவிப்பும் இருக்கிறது. ஐந்தாம் பக்கம் எங்கே? அது எவர் வீட்டுக்கோ வடையைச் சுமந்து சென்றுவிட்டது!

அதனால் வாதம் நின்றதா? நிற்கவில்லை, தோழர்களே! அரைத் தாளை வைத்துக்கொண்டு முழுப் போர் நடந்தது.

கட்டுரை யாரைப் பற்றி? ஊர்ப் பெயரிலேயே குடியிருக்கும் கான்சாகிப்பைப் பற்றி. "வெள்ளையனை நடுங்க வைத்த வீரன்" என்றார் ஒருவர். "வெள்ளையனுக்கு வாள் பிடித்த கூலி, பூலித்தேவரை எதிர்த்தவன்" என்றார் மற்றவர். முன்னவர் மச்சான், பின்னவர் அவருடைய மனைவியின் தம்பி.

"படிச்சுப் பாத்துப் பேசு மாப்ளே!"

"நீ எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சுக் கிழிச்ச மச்சான்?"

அந்தக் கேள்வியோடு கான்சாகிப் எழுந்து போய்விட்டார். குடும்பக் கதை வந்து உட்கார்ந்தது. அவர் பாட்டன் வாங்கிய கடன், இவர் தகப்பன் விற்ற நிலம், எல்லாம் சந்திக்கு வந்தன. கண்ணாடிக் கிளாஸ் ஒன்று உடைந்தது. அதைவிடப் பெரிய ஒன்றும் உடைந்தது. மச்சான் வீட்டுக் குழந்தைக்குக் காதணி விழா நாள் குறித்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவேண்டிய குழந்தை. அந்தத் தாய்மாமன்தான் "அந்த வாசலை மிதிக்கமாட்டேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அண்ணன் தம்பி என்று யாரும் இல்லாத அக்காள் அல்ல அவள். தம்பி இருந்தும் இல்லாதவளாகிப் போனாள்!

கூட்டத்தில் பேசுவதற்காக அவ்வூருக்குச் சென்ற நம்மிடம், வயது முதிர்ந்த தோழர் ஒருவர் இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, "இருவரும் நம் தோழர்கள்தான். உங்கள் பேச்சுக்குக் கைதட்டுகிறவர்கள்தான். பேசக் கற்றுக் கொடுத்தீர்கள். கேட்கக் கற்றுக் கொடுத்தீர்களா?" என்று கேட்டார். அன்றைய மேடையில் நாம் பெற்ற மாலையை விட அந்தக் கேள்வி கனமாக இருந்தது.

கான்சாகிப் வழக்கைப் பார்ப்போம். மருதநாயகமாகப் பிறந்தவர் என்று கூறப்படும் யூசுப்கான், கும்பெனிப் படையில் சிப்பாய்களின் தளபதியாக உயர்ந்தவர். மதுரை, நெல்லைச் சீமைகளை நிருவகிக்க அமர்த்தப்பட்டவர். கும்பெனிக்காகவும் ஆற்காட்டு நவாபுக்காகவும் நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவருடன் போரிட்டு, 1761-ல் அவருடைய கோட்டைகளைப் பிடித்தவர். இது ஒரு பக்கம். அதே யூசுப்கான் 1763-ல் அதே கும்பெனிக்கும் அதே நவாபுக்கும் பணிய மறுத்தார். மதுரைக் கோட்டைக்குள்ளிருந்து மாதக்கணக்கில் முற்றுகையைத் தாங்கினார். உடனிருந்தவர்களாலேயே காட்டிக் கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். இது மறுபக்கம்.

மச்சான் சொன்னது பொய்யா? இல்லை. மாப்பிள்ளை சொன்னது பொய்யா? அதுவும் இல்லை. இருவர் சொன்னவற்றுக்கும் இடையே இருந்தது இரண்டே ஆண்டு இடைவெளி. புத்தகத்தில் பார்த்தால் சில பக்கங்கள். அந்தச் சில பக்கங்களைப் புரட்டாத குற்றத்துக்கு ஒரு குழந்தை தாய்மாமன் மடியை இழக்கவேண்டுமா?

ஊரார் குற்றத்தைச் சொல்லும் நாம் நம் குற்றத்தை மறைப்பது அறமன்று. ஏட்டுப் பணிக்கு வந்த புதிதில், மாற்று முகாமின் ஏடு ஒன்றில் வெளிவந்த கட்டுரைக்கு நாம் மறுப்பு எழுதினோம். அனல் பறக்க எழுதினோம். அடுக்கடுக்காகக் கேள்விக் கணைகள்! மறுநாள் அந்த ஏடு என்ன செய்தது தெரியுமா? தன் கட்டுரையின் கடைசிப் பத்தியை மட்டும் மீண்டும் அச்சிட்டது. நாம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் அதில் இருந்தது! ஆம், தோழர்களே, நாம் தலைப்பைப் படித்தோம், முதல் பத்தியைப் படித்தோம், கோபம் வந்தது, பேனா எடுத்தோம். கடைசிப் பத்தி வரை பொறுமை வரவில்லை. நம் எழுத்தை நம்பி டீக்கடையில் மார்தட்டிய தோழர் ஒருவர், அன்று தலைகுனிந்து வீடு திரும்பினார். அவரிடம் மன்னிப்புக் கேட்ட அன்றுதான் சில பழக்கங்களை மேற்கொண்டோம். அவற்றை உங்கள்முன் வைக்கிறோம். ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் உரிமை.

முதற் பழக்கம்: முழுவதும் படிப்பது. தலைப்பை எழுதுபவர் ஒருவர், கட்டுரையை எழுதுபவர் வேறொருவர் என்பது அச்சகத்தில் இருப்போருக்குத் தெரியும். தலைப்பை மட்டும் பார்த்துக் கட்டுரையைத் திட்டுவது, வாசற்படியைப் பார்த்து வீட்டுக்கு விலை பேசுவது போன்றது. எந்த நாளில் வந்தது, யார் எழுதியது, எதை ஆதாரமாகக் காட்டினார் என்ற மூன்றையும் பார்த்த பிறகுதான் வாய் திறக்கவேண்டும். இன்று செய்தி தாளில் மட்டுமா வருகிறது? கைப்பேசியிலும் வருகிறது; பழைய படத்துக்குப் புதிய சேதி ஒட்டி வருகிறது. வடைத் தாளிலாவது நாளும் பெயரும் இருக்கும்!

இரண்டாவது: மாற்றார் ஏட்டையும் படிப்பது. "நம் ஏடு போதாதா?" என்று கேட்கும் தோழர் உண்டு. வழக்குமன்றத்தில் எதிர்வாதியின் மனுவைப் படிக்காத வக்கீலை நீங்கள் அமர்த்துவீர்களா? 1943-ல் கம்பராமாயணம் பற்றிச் சென்னையிலும் சேலத்திலும் சொற்போர் நடந்தது. சென்னையில் அண்ணாவுக்கு எதிரே நின்றவர் சொல்லின் செல்வர் இரா. பி. சேதுப்பிள்ளை, சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார். இருவரும் தமிழைக் கரைத்துக் குடித்தவர்கள். அவர்கள் முன் வெறும் வசையை எடுத்துக்கொண்டு போனால் வெல்ல முடியுமா? எந்த நூலை எதிர்த்தாரோ அந்த நூலைப் படித்துவிட்டுத்தான் அண்ணா மேடையேறினார். 'தீ பரவட்டும்' என்ற பெயரில் அந்த உரைகள் நூலாகவே கிடைக்கின்றன. அவரை ஏற்பவரும் படிக்கலாம், மறுப்பவரும் படிக்கலாம்.

அதில் இன்னொரு பாடமும் உண்டு. சேலத்தில் எதிரே நின்ற நாவலர் பாரதியார் யார்? சில ஆண்டுகளுக்கு முன்பு கட்டாய இந்தியை எதிர்த்து நடந்த போரில் நம்மோடு நின்றவர்! ஒன்றில் எதிர்நின்றவர் மற்றொன்றில் தோளோடு தோள் நின்றவர். நாளைக்கு எவரோடு சேர்ந்து நடக்கவேண்டியிருக்குமோ, அவர் முகத்தில் இன்று சேற்றை வீசலாமா?

மூன்றாவது: எதிராளி சொன்னதை, அவரே "ஆம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்பும்படி திருப்பிச் சொல்லிவிட்டுப் பிறகு மறுப்பது. கேட்க எளிது; செய்து பாருங்கள், வியர்க்கும்! பாதி வழக்குகள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும். ஏனெனில் பாதி வழக்குகளில் அவர் சொல்லாத ஒன்றைத்தான் நாம் மறுத்துக்கொண்டிருக்கிறோம். வள்ளுவர் முறை வைத்ததைப் பாருங்கள். 'கேள்வி' 42-ஆம் அதிகாரம். 'சொல்வன்மை' 65-ஆம் அதிகாரம். காதைத் தாண்டித்தான் நாக்குக்கு வரவேண்டும் என்று நாம் பொருள் கொள்கிறோம். 'பயனில சொல்லாமை'யையோ 20-ஆம் அதிகாரத்திலேயே சொல்லிவிட்டார்!

நான்காவது: ஆளை விட்டுக் கருத்தைப் பிடிப்பது. சாதியை இழுப்பது, குடும்பத்தை இழுப்பது, படிப்பைச் சொல்லிக் குத்துவது: இவை வாதத்தின் ஆயுதங்கள் அல்ல, வாதம் தீர்ந்துபோனதன் அறிகுறிகள். அத்துடன், மாற்றாரிடம் நன்மை கண்டால் அதையும் சொல்லவேண்டும். இராசபாளையத்துப் பூ. ச. குமாரசாமி ராஜா முதலமைச்சராக இருந்த காலத்தில், 1950-ல், 'ஆரிய மாயை' எழுதியதற்காக அண்ணாவுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. இதை நாம் மறக்கமாட்டோம். அதே குமாரசாமி ராஜா, குடியிருந்த சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்காக ஊருக்குக் கொடுத்தார். இதையும் நாம் மறைக்கமாட்டோம். முன்னதை மட்டும் சொன்னால் பகை. பின்னதை மட்டும் சொன்னால் புகழ்ச்சி. இரண்டையும் சொன்னால்தான் வரலாறு.

ஐந்தாவது: கோபத்தில் எழுதியதை ஓர் இரவு வைத்திருப்பது. அமெரிக்காவில் அடிமை முறையை ஒழிக்கப் போர் நடத்திய லிங்கனை அறிவீர்கள். 1863 சூலையில் கெட்டிசுபர்க் களத்தில் வெற்றி கிடைத்தது. ஆனால் தோற்றோடிய எதிரிப் படையைத் தளபதி மீட் துரத்திப் பிடிக்காமல் தப்பவிட்டார். கொதித்தார் லிங்கன். கடுமையான கடிதம் எழுதினார். எழுதி? கையெழுத்திடவில்லை, அனுப்பவில்லை. உறையில் போட்டு வைத்துவிட்டார். அவர் இறந்த பிறகு அக்கடிதம் தாள்களோடு தாளாகக் கிடைத்தது. ஒரு நாட்டின் தலைவருக்கு அடக்கிவைக்க ஓர் உறை தேவைப்பட்டது. நமக்கு ஓர் இரவாவது வேண்டாமா?

ஆறாவது: "எனக்குத் தெரியாது" என்று சொல்லவும், "நான் சொன்னது தவறு" என்று சொல்லவும் கற்பது. பெரியார் கூட்டங்களில் கேள்விச் சீட்டுகள் மேடைக்கு வரும். எதிர்த்துக் கேட்டவர் கேள்விக்கும் அங்கே இடமிருந்தது. நான் சொல்வதால் நம்பாதே, உன் அறிவுக்குப் பட்டால் ஏற்றுக்கொள் என்பதுதானே அவர் வாழ்நாள் முழுதும் சொன்னது? அந்த மேடையிலிருந்து வந்தவர்கள், டீக்கடை பெஞ்சில் "நான் சொன்னால் சொன்னதுதான்" என்று முரண்டு பிடிக்கலாமா?

கடைசி ஒன்று: எல்லாவற்றுக்கும் பதில் தேவையில்லை. ஒருமுறை விளக்கினோம், இருமுறை விளக்கினோம். மூன்றாம் முறையும் அதே கூச்சல் என்றால், டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடவேண்டும். கடைசிச் சொல் தன்னுடையதாக இருக்கவேண்டும் என்ற ஆசை கள்வெறியை விடக் கொடியது!

"எங்களுக்கு ஏது நேரம்? எட்டு மணி நேரம் தறியோடும் கதிரோடும் கிடப்பவர்கள் நாங்கள்" என்பீர்கள். கியூபா நாட்டுத் தொழிலாளர் கதையைக் கேளுங்கள். 1865 முதல் அவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில், தொழிலாளர் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்க, உயரமான இடத்தில் அமர்ந்து ஒருவர் ஏட்டையும் நூலையும் உரக்கப் படிப்பார். அவருக்குக் கூலி? தொழிலாளரே தம் கூலியிலிருந்து போட்டுக் கொடுத்தார்கள்! கேரளத்துப் பீடித் தொழிலாளரும் தமக்குள் ஒருவரைப் படிக்க அமர்த்தி, அவர் பங்குக்கான பீடியைத் தாங்கள் சுற்றிக் கொடுத்தார்கள். கை வேலை செய்தது. காது கல்லூரிக்குப் போயிற்று! நமக்கோ அந்தச் செலவும் இல்லை. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். கட்டிய காசுக்குப் புத்தகம் கேட்காமல், வடைத் தாளில் வரலாறு படிப்பதா?

இவற்றையெல்லாம் அன்று கான்சாபுரத்தில் மேடைப் பேச்சாகப் பேசவில்லை. மறுநாள் காலை அந்த மச்சானையும் மாப்பிள்ளையையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தோம். முதியவர் நூலகத்திலிருந்து ஒரு வரலாற்று நூலைக் கொண்டுவந்திருந்தார். நாம் இட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: மாப்பிள்ளையின் கட்சியை மச்சான் சொல்லவேண்டும், மச்சானின் கட்சியை மாப்பிள்ளை சொல்லவேண்டும். மச்சான் 1761-ஐப் படித்தார், தொண்டை கம்மியது. மாப்பிள்ளை 1764-ஐப் படித்தார். மதுரையில் தூக்குக் கயிறு வந்த இடத்தில் குரல் தணிந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. டீ மட்டும் குடித்தார்கள். நாம் திருவில்லிபுத்தூர் பஸ் பிடித்து வந்துவிட்டோம்.

சில நாள் சென்று முதியவர் பேசினார். "தாய்மாமன் சீர்த் தட்டோடு வந்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார். காது குத்தும்போது பிள்ளை அழுதது, மாமனும் அழுதார்" என்றார்.

"பிறகு?"

"பிறகென்ன? பந்தியிலே மறுபடியும் கான்சாகிப் வந்துவிட்டார். மச்சானும் மாப்பிள்ளையும் இலையை மறந்து வாதாடுகிறார்கள்!"

"ஐயோ!" என்றோம்.

"பயப்படாதீர்கள், இந்தத் தடவை நடுவிலே புத்தகம் இருக்கிறது!" என்றார் முதியவர்.

வாதாடுங்கள், தோழர்களே! வாதாடாத ஊர் உறங்கும் ஊர். ஆனால் நடுவிலே புத்தகம் இருக்கட்டும். மடியிலே குழந்தையும் இருக்கட்டும்!