கேஸ்ட்ரிக் குளிசையை எப்போது போடுவது?

"கேஸ்ட்ரிக்குக்கு ஒரு கார்ட் தாங்க" என்று கேட்டால், மூதூர் பார்மசியிலும் சரி, கொழும்பிலும் சரி, பெரும்பாலும் கையில் வருவது ஒமிப்ரசோல். வயிறு முட்டச் சோறு தின்று, நெஞ்சு எரியத் தொடங்கிய பிறகு அதைப் போட்டுவிட்டு, "இது கேட்கவில்லை" என்று மறுநாளே வேறு மருந்து தேடுகிறவர்கள் பலர். குளிசையில் குறையில்லை. போட்ட நேரம்தான் பிழை.

இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் கலங்களில் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. சாப்பாடு வரும்போதுதான் அவை முழுமூச்சாக இயங்கும். ஒமிப்ரசோல் இயங்குகிற பம்பை மட்டுமே பிடித்து அடைக்கும். இரத்தத்தில் அது தங்குவதோ சில மணி நேரம்தான். அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னே போடச் சொல்கிறார்கள். முழுப்பலன் தெரிய மூன்று, நான்கு நாளாகும். இந்த நிமிடத்து எரிவுக்கு அமிலத்தை முறிக்கும் பாணி மருந்துதான் சரி. கப்சியூலை மெல்லவும் கூடாது: உள்ளேயிருக்கும் சிறுமணிகளின் மேலுறைதான் மருந்தை இரைப்பை அமிலத்திலிருந்து காக்கிறது.

நோன்பு மாதத்தில் என்ன செய்வது? சஹருக்கு எழும்பியதும் முதலில் குளிசை, அரை மணி கழித்துச் சாப்பாடு. இரண்டு வேளை எழுதியிருந்தால், பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறந்து, குளிசையைப் போட்டு, மஃரிப் தொழுதுவிட்டு வந்து கஞ்சியில் கை வைக்கலாம். சஹர் உண்டதும் படுத்தால் எந்தக் குளிசையும் நெஞ்செரிவை முழுதாகத் தடுக்காது. அல்சரில் இரத்தம் கசிந்தவர்கள் நோன்புக்கு முன்பே டொக்டரைக் கேட்டுவிட வேண்டும்.

அல்சருக்குக் காரணம் காரமும் கவலையும் என்றுதான் நெடுங்காலம் நம்பினோம். 1982இல் ஆஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பாரி மார்ஷலும் ரொபின் வொரனும் ஹெலிகோபக்டர் பைலோரி கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் அந்தக் கிருமியையே குடித்து வயிற்று அழற்சியை வரவழைத்துக்கொண்டார்! 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. கிருமி இருப்பது உறுதியானால் ஒமிப்ரசோலோடு அன்டிபயோட்டிக்குகளும் வேண்டும், வழக்கமாக 14 நாள். இன்னொரு பெரிய காரணம் டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்ற வலிக் குளிசைகள். இடுப்பு வலிக்கு அதை விழுங்கிக்கொண்டே வயிற்றுக்கு இதை விழுங்குவது, ஓட்டையை அடைக்காமல் தண்ணீர் இறைக்கிற கதைதான்.

பலருக்கு நான்கு முதல் எட்டு வாரம் போதும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் விட்டமின் பி12, மக்னீசியம் குறையக்கூடும். நீண்டநாள் போட்டதைத் திடீரென நிறுத்தினால் அமிலம் சில வாரம் கூடுதலாகச் சுரந்து எரிவைக் கிளப்பும். படிப்படியாகக் குறைப்பதே நல்லது. இதய நோய்க்குக் குளோபிடோக்ரல் எடுப்பவர்கள் அதை டொக்டரிடம் சொல்லுங்கள், ஒமிப்ரசோல் அதன் பலனைக் குறைக்கும்.

மலம் தார்போல் கறுத்தாலோ, வாந்தியில் இரத்தம் வந்தாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ, காரணமின்றி மெலிந்தாலோ பார்மசி போதாது. நெஞ்செரிவு என்று நினைத்த வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால், குளிசை தேடி நேரம் போக்காமல் நேரே தள வைத்தியசாலைக்குப் போய் ஈசிஜி எடுங்கள்.