களையெடுப்பில் கிடைக்கும் கறி

காவிரியும் பவானியும் கலக்கின்ற கூடுதுறையிலே நீராடிச் சங்கமேசுவரரைத் தரிசித்து, ஸ்தல விருட்சமாகிய இலந்தையையும் வணங்கித் திரும்புகின்ற யாத்திரிகர்களுள், அவ்வூரைச் சூழ்ந்த வாய்க்கால் கரைகளிலும் வரப்புகளிலும் ஐப்பசி மழைக்குப் பின் தாமாகவே தழைத்து நிற்கும் கீரைகளின்மேல் கண் செலுத்துவோர் மிகச் சிலரே. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, சுக்குட்டி, மூக்கிரட்டை, தரையோடு படரும் பருப்புக்கீரை ஆகியவற்றை விதைத்தவரும் இல்லை, நீர் பாய்ச்சியவரும் இல்லை. களையெடுக்கப் போகும் கொங்குப் பெண்கள், பயிருக்கு ஆகாதென்று பிடுங்கியவற்றுள் வயிற்றுக்கு ஆவதை மட்டும் மடியிலே கட்டிவந்து, துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்து வேகவைத்து, மத்தால் மசியக் கடைந்து, கம்மஞ்சோற்றின்மேல் ஊற்றுகின்ற கலவைக்கீரையின் ருசி, சந்தையில் ஒரே ஜாதியாகக் கட்டி விற்கும் கீரைக்கு ஒருநாளும் வாய்க்காது என்பது என் திடமான அபிப்பிராயம்.

எது கறிக்கு ஆகும், எது ஆகாது என்று அறியும் ஞானம் படத்தைப் பார்த்து வருவதன்று. மூக்கிரட்டையின் கணுவிலே எதிரெதிராக நிற்கும் இரண்டு இலைகளில் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கும். இலையின் அடிப்புறம் வெளிறித் தோன்றும். தண்டிலே செம்மை ஓடும். சுக்குட்டியின் கறுத்த பழத்தைக் குழந்தைகள் பறித்துத் தின்னலாம். பச்சைக் காயிலோ நஞ்சு உண்டு. முளைக்கும் பருவம் முதல் முற்றும் பருவம் வரை, அம்மாயியின் அருகே குந்தியிருந்து பார்த்தவளுக்கே இவையெல்லாம் பிழையின்றிப் புலப்படும்.

தாமாக முளைத்ததைப் பறித்துண்ணும் வழக்கம் வயல்வெளியோடு நின்றுவிடவில்லை. நியூயார்க் நகரத்து சென்ட்ரல் பூங்காவிலே செடிகளைப் பறித்துத் தின்றதற்காக 1986ஆம் ஆண்டு கைது செய்யப்பட்ட ஸ்டீவ் பிரில் என்பவரையே, பின்னர் அந்நகரப் பூங்கா இலாகா, மக்களுக்குச் செடி காட்டும் வழிகாட்டியாக நியமித்துக்கொண்டது. நம் நகரப் பூங்காக்களிலும் இக்கீரைகள் முளைக்கத்தான் செய்கின்றன. ஆயினும் அனுமதியைக் காட்டிலும் முக்கியமாக ஆராயவேண்டியது மண். பூச்சிமருந்து தெளித்த புல்தரையிலும், சாயக்கழிவு கலந்த வாய்க்காலோரத்திலும் வளர்ந்த கீரை, அவ்விஷத்தையும் தன்னுள் ஏற்றிருக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவானியிலிருந்து வெட்டப்பெற்ற காலிங்கராயன் வாய்க்கால்கூட ஆலைக்கழிவுக்குத் தப்பவில்லை என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு பதைக்கிறது.

ஆனால் தானாக முளைத்த காளானைப் பறித்துத் தின்பதற்கு நான் சிறிதும் இணங்கமாட்டேன். வெள்ளிக்காசு கறுக்காவிட்டால் நல்லது, பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பனவெல்லாம் உயிரைக் குடிக்கும் பொய்கள். புல்தரையிலே குடைபோல விரிகின்ற வெள்ளைக் காளான்களுள், முற்றியபின் அடிமடிப்பு பச்சை பாய்கின்ற ஒருவகை கடும் வாந்தியை உண்டாக்கும். அமானிட்டா இனத்துக் கொடிய காளான்களின் விஷமோ வேகவைத்தாலும் அழியாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் அரவமின்றி இருந்து, பின் வாந்தியும் பேதியுமாக வெளிப்பட்டு, நடுவிலே குணமானதுபோல் மயக்கிக் கல்லீரலை அழித்துவிடும். காளான் ருசிக்கு ஆசைப்படுவோர், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட பால்காளான் ரகத்தை வைக்கோலிலே வளர்த்து உண்ணலாம். தெரியாத காளானைத் தின்றவர், உடம்புக்கு ஒன்றும் செய்யாவிட்டாலும், மீதியுள்ள துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.